மேல்சபைக் கமிட்டிக்கு நான் சொன்ன பதில்

டில்லி மேல்சபைக் கமிட்டி ஒன்று திருவனந்தபுரத்துக்கு வந்து என்னிடம் சாட்சியம் கேட்டது என்று சொன்னால் இப்போது யாரும் நம்புவதில்லை. தம்பியின் மருமகள் வாய்விட்டே சிரிக்கிறாள். "அத்தை நன்னா கதை விடுவா" என்கிறாள். சிரிக்கட்டும். அவளுக்கு என்ன, கட்டினவன் சாயங்காலம் ஐந்தரை மணிக்கு வீட்டுக்கு வந்துவிடுகிறான். எனக்குக் கட்டினவன் கல்கத்தாவுக்குப் போனான், போனவன் போனவன்தான்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகியிருந்தன. நான் வலியசாலையில் அப்பா வீட்டில் இருந்தேன். பதினைந்து வயதில் கோட்டைக்குள் ஒரு பெரிய வீட்டில் என்னைக் கொடுத்தார்கள். மாப்பிள்ளைக்குக் கல்கத்தாவில் ஒரு கம்பெனியில் வேலை. வீடு பார்த்துவிட்டு அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். வீடும் பார்த்தார், அதில் குடித்தனமும் வைத்தார், வேறொருத்தியோடு. குழந்தை பிறந்த செய்தி வந்த பிறகும் மாமனார் வீட்டில் யாரும் வாயைத் திறக்கவில்லை. நான் பாட்டுக்கு அவர்களுக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். ஒருநாள் குழம்பில் உப்புக் கூடிவிட்டது என்று மாமியார், "இதுனாலதான் அவன் ஓடிப்போனான்" என்றாள். அன்றைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு அப்பா வீட்டுக்கு நடந்து வந்துவிட்டேன்.

வாழாவெட்டி என்று ஒரு சொல் வைத்திருக்கிறார்கள் பாருங்கள். வெட்டினவன் சுகமாக இருக்கிறான், பெயர் மட்டும் எனக்கு. புருஷன் செத்துப்போனவளைப் பார்த்தாலாவது ஐயோ பாவம் என்பார்கள். என்னைப் பார்த்தால், "இவள் என்ன செய்தாளோ" என்பார்கள். சட்டமும் அப்படித்தான். அந்தக் காலத்தில் எங்கள் ஊரில் எங்களைப் போன்றவர்களுக்கு விவாகரத்து என்பதே கிடையாது. ஒருதரம் கட்டினால் கட்டினதுதான். அவன் இன்னும் நாலு பேரைக் கட்டிக்கொண்டாலும் நான் அவன் பெண்டாட்டியாகவே கிடக்க வேண்டும்.

அதே தெருவில் அப்பாவின் அக்கா வீடு இருந்தது. அத்தை விதவை. அவள் பிள்ளை, என் அத்தான், செக்ரடேரியட்டில் ஸ்டெனோகிராபர். அவர் மனைவி பிரசவத்தில் போய்விட்டாள். பெண் குழந்தை பிழைத்துக்கொண்டது. அந்தக் குழந்தை நடக்க ஆரம்பித்ததிலிருந்து எங்கள் வீட்டில்தான் கிடந்தது. நான் பிசைந்து போட்டால்தான் சாப்பிடும், என் மடியில் போட்டுத் தட்டினால்தான் தூங்கும். ஆபீஸ் விட்டு வருகிற வழியில் அத்தான் அதை எடுத்துக்கொண்டு போவார். அந்த நேரத்துக்குக் கொல்லைக் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு நான் காத்திருப்பேன். சொல்வதில் என்ன வெட்கம், இந்த வயதில்? குழந்தையைக் கொடுக்கத்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

ஒருநாள் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பியவர் கிணற்றடியில் நின்றார். "சட்டம் மட்டும் இடம் குடுத்தா, நான் உன்னைப் பண்ணிண்டுடுவேன்" என்றார். காய்கறி வாங்கி வருகிறேன் என்கிற மாதிரிதான் சொன்னார். எனக்கு அது போதுமாக இருந்தது. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு அப்பாவுக்கு மோர் போட மறந்துபோனேன்.

அத்தையிடமும் சொல்லியிருக்கிறார். அத்தை அழவில்லை, கத்தவில்லை. "தை மாசம் வரைக்கும் பொறுத்துக்கறேன். அதுக்குள்ள உன் சட்டம் வந்தா வரட்டும். வரல்லைன்னா சுசீந்திரத்துல பாத்து வெச்சிருக்கற பொண்ணு. அப்புறம் ஒரு பேச்சு கூடாதாக்கும்" என்று சொல்லிவிட்டாளாம். அத்தை எவ்வளவு பெரிய மனசுக்காரி என்று அப்போது பூரித்துப்போனேன். சட்டம் வராது என்கிற தைரியத்தில்தான் அவள் தவணை கொடுத்தாள் என்பது இப்போது தெரிகிறது.

ஆனால் சட்டம் வருவது போலத்தான் இருந்தது. மேல்சபையில் ஒரு மெம்பர் தாமாகவே ஒரு மசோதா கொண்டுவந்திருந்தார். புருஷன் பெண்டாட்டியை விட்டுவிட்டுப் போய் இத்தனை வருஷம் திரும்பவில்லை என்றால் அவள் கோர்ட்டில் கேட்டு விடுதலை வாங்கிக்கொள்ளலாம் என்று அதில் ஒரு ஷரத்து. அத்தான்தான் விளக்கினார். மசோதா நேரே சட்டமாகிவிடாதாம். சபையிலிருந்து சில மெம்பர்களைப் பொறுக்கி எடுத்து ஒரு கமிட்டி போடுவார்களாம். பத்திரிகையிலேயே பொறுக்குக் கமிட்டி என்றுதான் எழுதியிருந்தார்கள். அந்தக் கமிட்டி ஷரத்து ஷரத்தாகப் பிரித்துப் பார்க்கும், சாட்சிகளைக் கூப்பிட்டுக் கேட்கும், வேண்டும் வேண்டாம் என்று சபைக்கு ரிப்போர்ட் எழுதும். ரிப்போர்ட் சரியாக இருந்தால் முக்கால்வாசி வேலை முடிந்த மாதிரி. மூன்று மெம்பர்கள் தென்பக்கம் சுற்றிவிட்டுத் திருவனந்தபுரத்துக்கும் வருகிறார்கள் என்று ஐப்பசியில் செய்தி வந்தது.

"நீ போய்ச் சொல்லணும்" என்றார் அத்தான்.

"நானா? எனக்கென்ன தெரியும்?"

"உனக்குத் தெரியாம வேற யாருக்குத் தெரியும்? பெரிய மனுஷா பத்துப் பேர் போய்ப் பிரசங்கம் பண்ணுவா. அதெல்லாம் ஒரு காதுல வாங்கி இன்னொரு காதுல விட்டுடுவா. உன்னை மாதிரி ஒருத்தி எதிர்ல உக்காந்து சொன்னாத்தான் உறைக்கும். நீ இங்கிலீஷ் ஸ்கூல் பைனல் பாஸ் பண்ணினவளாக்கும். பயப்படாதே. நான் இருக்கேன்."

நான் இருக்கேன் என்றார். அதை நான் ஒன்றும் கற்பனை செய்யவில்லை.

சாட்சிகளை அனுப்பும் பொறுப்பு எங்கள் பக்கத்தில் மாதர் சமாஜத்துக்கு. அதற்குத் தலைவி தெருக்கோடி வக்கீலின் மனைவி. வக்கீல் மாமி என்றால் எல்லாருக்கும் தெரியும். மாமி நல்லவள்தான். கதர் கட்டுவாள், மீட்டிங்கில் பேசுவாள். என்னைக் கூப்பிட்டு இரண்டு மூன்று மத்தியானம் பாடம் படித்துக்கொடுத்தாள்.

"நம்மாத்து விஷயம்னு ஒண்ணும் சொல்லப்படாது, கேட்டியோ? நீ, உன் ஆத்துக்காரன், கல்கத்தா, ஒண்ணும் வேண்டாம். 'ஒரு ஸ்திரீ' அப்படீன்னு ஆரம்பி. ஒரு ஸ்திரீக்கு இப்படி ஆச்சு, அப்படி ஆச்சுன்னு சொல்லிண்டு போ. மானமும் போகாது, காரியமும் நடக்கும்."

எனக்கு இது விசித்திரமாகவே படவில்லை. எங்கள் தெருவில் பெண்கள் அப்படித்தான் பேசுவார்கள். எந்தக் கஷ்டமும் எவளுக்கும் சொந்தமில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய் நாக்கை நீட்டிக் காட்டிக்கொண்டே, "எங்காத்துல ஒருத்திக்கு வயத்துவலி" என்று சொன்னவளை எனக்கே தெரியும். டாக்டர் அவளுக்கே மருந்து கொடுத்தார். அவருக்கும் வழக்கம் தெரியும். டில்லிக்காரர்களுக்கு அது எப்படித் தெரியும் என்று ஸ்கூல் பைனல் பாஸ் பண்ணின எனக்கும் தோன்றவில்லை, பிரசங்கம் பண்ணுகிற மாமிக்கும் தோன்றவில்லை.

கமிட்டி தங்கியிருந்த சர்க்கார் பங்களாவுக்கு மாமியின் காரில் போனோம். அப்பாவுக்குத் தெரியும், ஆனால் தெரியாத மாதிரி திருநீறு பூசிக்கொண்டிருந்தார். பங்களா வராந்தாவில் போட்டிருந்த நாற்காலிகளில் இன்னும் சில பேர் காத்திருந்தார்கள். மலையாளத்துப் பியூன் ஒருவன், "இவிடெ இருந்தா மதி, விளிக்கும்" என்று, உட்கார்ந்தால் போதும், கூப்பிடுவார்கள் என்கிற மாதிரி நாற்காலியைக் காட்டிவிட்டுப் போனான். பக்கத்து ஜன்னல் திறந்திருந்தது. உள்ளே பேசுகிற ஒவ்வொரு வார்த்தையும் வெளியே கேட்டது. கேட்ட முதல் குரலையே எனக்கு அடையாளம் தெரிந்துவிட்டது. என் மாமனாரின் குரல்.

மசோதா கூடாது என்று சொல்ல வந்தவர்களுக்கு அவர்தான் தலைவர் போலிருக்கிறது. நல்ல இங்கிலீஷ் அவருக்கு. அழகாகச் சொன்னார். இந்த ஊரில் எங்கள் சமூகத்தில் கைவிடப்பட்ட பெண் என்று ஒருத்தியும் கிடையாது என்றார். எங்கள் குடும்பங்களில் மருமகள் மகாலட்சுமி என்றார். இல்லாத வியாதிக்கு டில்லியிலிருந்து மருந்து அனுப்ப வேண்டாம் என்றார். உள்ளே யாரோ சிரித்தார்கள். மாமனாரும் கூடச் சேர்ந்து சிரித்தார். அவருக்குப் பிடித்த மாதிரி வத்தக்குழம்பு வைத்துப் போட்ட கை இது. கையைப் பிசைந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் பின்பக்கக் கதவு வழியாக வெளியேறினார் போலிருக்கிறது. எங்களைக் கூப்பிட்டார்கள்.

உள்ளே நீள மேஜை. நடுவில் தலைவர், வடக்கத்தியர், வெள்ளைத் தலை, பழைய வக்கீல். ஒரு பக்கம் தமிழ் தெரிந்த மெம்பர் ஒருவர். இன்னொரு பக்கம் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். யோசிக்கிறாரோ தூங்குகிறாரோ, தெரியவில்லை. எங்கள் ஊர் அண்டர் செக்ரட்டரி சுவர் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். தலைவருக்குப் பக்கத்தில் சின்ன மேஜையில், கையில் பென்சிலோடு, அத்தான்.

எனக்கு ஒரு நிமிஷம் ஒன்றும் புரியவில்லை. பிறகுதான் விஷயம் தெரிந்தது. சாட்சியத்தை எழுதிக்கொள்ள டில்லியிலிருந்து கூடவே வந்த ரிப்போர்ட்டருக்கு எங்கள் தேங்காயெண்ணெய்ச் சமையல் ஒத்துக்கொள்ளாமல் வயிறு கெட்டுப் படுத்துவிட்டார். காலையில் செக்ரடேரியட்டுக்கு ஆள் அனுப்பி, நன்றாகச் சுருக்கெழுத்து எழுதுகிறவர் யார் என்று கேட்டு, இவரைப் பிடித்து உட்காரவைத்துவிட்டார்கள். நல்லதாகப் போயிற்று என்றுதான் நினைத்தேன். நான் இருக்கேன் என்று சொன்னவர் நிஜமாகவே இருக்கிறாரே என்று தைரியம் வந்தது. அட அசடே!

தலைவர் இங்கிலீஷில், எந்த ஷரத்தைப் பற்றிச் சொல்ல வந்தாய் என்று கேட்டார். சொன்னேன். பிறகு மாமி கற்றுக்கொடுத்தபடி ஆரம்பித்தேன். ஒரு ஸ்திரீ இருக்கிறாள், அவளுடைய புருஷன் அவளை விட்டுவிட்டுப் போய்விட்டான், அவளுக்குச் சட்டத்தில் வழியில்லை என்று சொல்லிக்கொண்டே போனேன். தலைவர் பொறுமையாகக் கேட்டார். கேட்டு முடித்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

"யார் அந்த ஸ்திரீ?"

நான் மாமியைப் பார்த்தேன். மாமி உத்தரத்தைப் பார்த்தாள்.

"அவளை இங்கே அழைத்துவர முடியுமா? இந்த ஊரில் அப்படி ஒருத்தியும் இல்லை என்று இப்போதுதான் ஒரு பெரியவர் உறுதியாகச் சொல்லிவிட்டுப் போனார். நீங்களோ யாரோ ஒரு ஸ்திரீ என்கிறீர்கள். காதில் விழுந்ததையெல்லாம் கமிட்டி சாட்சியமாக எடுத்துக்கொள்ள முடியாது, அம்மா."

அவர் கேட்டது நியாயம்தான். அதுதான் வயிற்றெரிச்சல். மாமி என் புடவைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். நான் இழுத்த இழுப்பில் தலைப்பு அவள் கையிலிருந்து நழுவியது.

"நான்தான் அந்த ஸ்திரீ" என்றேன். "இப்போது சொல்லிவிட்டுப் போனாரே பெரியவர், அவர்தான் என் மாமனார்."

கண்ணை மூடிக்கொண்டிருந்த மெம்பர் கண்ணைத் திறந்தார். அப்புறம் என்னை யாராலும் நிறுத்த முடியவில்லை. கல்யாணம், கல்கத்தா, அந்தப் பெண், அந்தக் குழந்தை, உப்புக் கூடின குழம்பு, பெட்டி, எல்லாவற்றையும் கொட்டினேன். பாதியில் இங்கிலீஷ் போய்த் தமிழ் வந்தது. ஏழு வருஷம் வாயை மூடிக்கொண்டிருந்தவள் பேசினால் எப்படி இருக்கும்? பேசப் பேச உடம்பு லேசாகியது. அத்தானின் பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது. எல்லாம் எழுத்தில் ஏறுகிறது, டில்லிக்குப் போகிறது, அப்படி ஒருத்தி இல்லை என்று இனி யாரும் சொல்ல முடியாது என்று நினைத்தேன்.

தலைவர் கையை உயர்த்தினார். அவருக்கு என்மேல் கோபமில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். முகத்தில் வருத்தம்தான் இருந்தது.

"மிகவும் சங்கடமான விஷயம். ஆனால் இது உங்கள் சொந்த வழக்கு. ஒருவருடைய சொந்த வழக்கை விசாரிக்க நாங்கள் கோர்ட் இல்லை. பதில் சொல்ல இங்கே இல்லாத ஒருவரைப் பற்றி நீங்கள் குற்றம் சொல்கிறீர்கள். அதைக் குறிப்பில் வைத்திருக்க முடியாது." பிறகு பக்கத்தில் திரும்பி, "சாட்சி தன்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் நீக்கிவிடுங்கள்" என்றார்.

யாரோ ஒரு ஸ்திரீ என்றால் கேள்விப்பட்டது, சேராது. நான்தான் என்றால் சொந்த வழக்கு, அதுவும் சேராது. அப்படியானால் நாங்கள் யாராக வந்து சொல்ல வேண்டும் என்று கேட்க நாக்கு வரை வந்தது. கேட்கவில்லை, ஏனென்றால் அத்தானைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பக்கத்தைப் பின்னால் புரட்டினார். ஆரம்பம் எது என்று தேடிக் கண்டுபிடித்தார். அங்கிருந்து கோடு போட்டு அடித்துக்கொண்டே வந்தார். வெண்டைக்காய் நறுக்குவது போல ஒரே சீராக அடித்தார். வேலையில் அவ்வளவு சுத்தம்.

அப்போது தமிழ் தெரிந்த மெம்பர் பேசினார். நல்ல மனிதர், இதமான குரல். எனக்கு உதவி செய்வதாகத்தான் நினைத்திருப்பார்.

"பொதுவாகவே ஒண்ணு கேட்கிறேன், அம்மா. சட்டம் விடுதலை கொடுத்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்படி விடுதலை வாங்கின பெண்ணை உங்கள் சமூகத்தில் கல்யாணம் பண்ணிக்கொள்ள யாராவது முன்வருவார்களா? அப்படி யாரும் இல்லை என்றால் இந்த ஷரத்தால் யாருக்கு லாபம்? உங்களுக்குத் தெரிந்து, முன்வந்தவர் என்று ஒருவராவது இருக்கிறாரா?"

இருக்கிறார். கைக்கு எட்டுகிற தூரத்தில் உட்கார்ந்திருக்கிறார். பென்சில் வைத்திருக்கிறார்.

நான் அத்தானைப் பார்த்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள், அவர் மட்டும் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்திருந்தது. "உண்டு" என்று நான் சொன்னால் அடுத்த கேள்வி "யார்?" என்பதுதான் என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். யாரோ ஒருவர் என்று சொன்னால் என்ன ஆகும் என்பதைத்தான் பத்து நிமிஷம் முன்பு பார்த்தோமே. சுவர் ஓரத்தில் அண்டர் செக்ரட்டரி. இன்னொருவன் பெண்டாட்டியோடு பேச்சு வைத்துக்கொண்ட சர்க்கார் உத்தியோகஸ்தன் என்று ஆகிவிடும். அதெல்லாம் எனக்கும் புரியாமல் இல்லை. ஆனாலும் காத்திருந்தேன். தலையை நிமிர்த்தி ஒருதரம் பார்த்தால் போதும், மிச்சத்தை நான் சொல்லிக்கொள்வேன் என்று காத்திருந்தேன். அவர் ஒரு புதுப் பக்கத்தைப் புரட்டினார். பென்சிலை அதன் தலையில் வைத்துக்கொண்டார். என் பதிலுக்காக அவரும் காத்திருந்தார், எழுதிக்கொள்வதற்கு.

"இல்லை" என்றேன்.

எழுதிக்கொண்டார். தலைவர் நன்றி சொன்னார். மாமியும் நானும் எழுந்து வந்தோம்.

காரில் மாமி, "நான் சொன்னது என்ன, நீ செஞ்சது என்ன? குடியைக் கெடுத்துட்டியேடீ" என்று புலம்பிக்கொண்டே வந்தாள். கமிட்டியின் குறிப்பிலிருந்துதான் நீக்கினார்கள். வராந்தாவில் உட்கார்ந்திருந்தவர்கள் காதிலிருந்து யார் நீக்குவது? சாயங்காலத்துக்குள் கோட்டைக்குள் எல்லாத் தெருவும் சுற்றிச் சாலைக் கடைகள் வரைக்கும் போய்விட்டது. கமிட்டிக்கு முன்னால் மாமனாரைப் பொய்யன் என்று சொன்னவள் என்று பெயர் வந்தது. அம்மா அழுதாள். அப்பா என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார். அன்றைக்குக் குழந்தையை எடுத்துக்கொண்டு போக அத்தான் வரவில்லை, அத்தை வந்தாள். மறுநாளும் அத்தைதான் வந்தாள்.

அத்தான் வந்தது சில நாள் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், அதுவும் உத்தியோக காரியமாக. சாட்சி சொன்னவர்களுக்கு அவர்கள் சொன்னதை டைப் அடித்துக் காட்டி, சரிபார்த்துக் கையெழுத்து வாங்க வேண்டுமாம். கூடத்தில் உட்கார்ந்தார். நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். குழந்தை ஓடிவந்து அவர் மடியில் ஏறியது. காகிதத்தை நீட்டினார்.

அழகாக டைப் அடித்திருந்தார். நான் பேசின பேச்சு அரைப் பக்கம்கூட வரவில்லை. யாரோ ஒரு ஸ்திரீ என்று ஆரம்பித்தது இருந்தது. யார் என்று தலைவர் கேட்டது இருந்தது. அதற்குக் கீழே, சாட்சி சொந்த விஷயம் கூறினார், நீக்கப்பட்டது என்று ஒரு வரி. அதற்கும் கீழே தமிழ் மெம்பரின் கேள்வி, முழுசாக. என் பதில், முழுசாக.

"நீங்க அடிச்சேளா இதை?" என்றேன்.

"ஆமாம்."

"நன்னா இருக்கு. ஒரு தப்பு இல்லை."

அவருக்குச் சுருக்கென்றிருக்க வேண்டும். "என்னை என்ன பண்ணச் சொல்றே? அண்டர் செக்ரட்டரி பக்கத்துலயே நின்னுண்டிருந்தார். நீ பாட்டுக்கு என் பேரைச் சொல்லிடப் போறியேன்னு எனக்கு உசிரே போயிடுத்து. இல்லைன்னு சொன்னியோ, நான் பிழைச்சேன்" என்றார்.

நன்றி சொல்கிறார்! அதற்காக அவர் நன்றி சொன்னபோதுதான் எனக்கு எல்லாம் விளங்கியது. அதுவரைக்கும் எனக்காகவும் சேர்த்துத்தான் அவர் தலையைக் குனிந்துகொண்டார் என்று ஒரு மூலையில் நம்பிக்கொண்டிருந்தேன்.

"இதுல திருத்தலாமோ?" என்று கேட்டேன்.

"எழுத்துப் பிழை இருந்தாத் திருத்தலாம். சொன்னதோட அர்த்தத்தை மாத்தப்படாது. ரூல்ஸ் அப்படி."

"ரூல்ஸை நான் கேக்கலை. உங்களைக் கேக்கறேன். அந்தக் கடைசிப் பதில் சரியா, தப்பா? தப்புன்னு நீங்க சொல்லுங்கோ. ரூல்ஸ் எக்கேடும் கெட்டுப் போகட்டும். அடிச்சுட்டு எழுதிக் கையெழுத்துப் போடறேன். வேணும்னா நானே டில்லிக்குத் தபால்ல அனுப்பறேன்."

அடுக்களையில் அம்மா பாத்திரத்தை உருட்டுவதை நிறுத்தியிருந்தாள். அத்தான் குழந்தையின் சட்டைப் பொத்தானை மாட்டிவிட்டார். அது ஏற்கனவே மாட்டியிருந்த பொத்தான். கழற்றி மாட்டினார். பிறகு சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திருகி என்னிடம் நீட்டி, "கையெழுத்து கீழே, வலது பக்கம்" என்றார்.

போட்டேன். கட்டினவன் பெயரின் முதலெழுத்தோடு என் பெயரை எழுதினேன். சட்டப்படி அதுதானே என் பெயர்?

மார்கழியில் கமிட்டியின் ரிப்போர்ட் வந்தது. பத்திரிகையில் வந்ததை வக்கீல் மாமி படித்துச் சொன்னாள். அந்த ஷரத்து வேண்டாம் என்று கமிட்டி எழுதிவிட்டது. பல இடங்களில் விசாரித்ததாகவும், தெற்கே சாட்சியம் சொன்ன ஒரு பெண்மணியே இப்படிப்பட்டவர்களை மணந்துகொள்ள யாரும் இல்லை என்று ஒப்புக்கொண்டதாகவும், அதனால் விடுதலை கொடுத்தும் புண்ணியமில்லை என்றும் போட்டிருந்ததாம். மாமி பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு, "உன்னைப் பத்தி டில்லிப் பேப்பர்லயே வந்துடுத்துடீ" என்றாள். கேலியாகச் சொன்னாளா, ஆறுதலாகச் சொன்னாளா, கடவுளுக்குத்தான் வெளிச்சம். ஷரத்துப் போன மசோதா அப்படியே படுத்துவிட்டது. என் மாமனாருக்குத் தெருவில் மாலை போட்டார்கள்.

பின்னால் பெரிய சட்டம் ஒன்று வரத்தான் வந்தது. எல்லாருக்கும் வந்தது. நானும் கோர்ட்டுக்கு நடந்து ஒரு காகிதம் வாங்கிக்கொண்டேன். இலையை எடுத்துக் கூடத்தையும் மெழுகிவிட்ட பிறகு பாயசம் கொண்டுவந்து நீட்டினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. அதற்குள் எனக்கு வேண்டியது எதுவும் அந்தக் காகிதத்தில் இல்லை.

ரிப்போர்ட் வந்த அடுத்த மாசமே, தையில், அத்தானுக்கும் சுசீந்திரத்துப் பெண்ணுக்கும் கல்யாணம். நான் சுசீந்திரத்துக்குப் போகவில்லை. யாரும் வா என்று வற்புறுத்தவும் இல்லை. கல்யாணம் முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு வருகிற அன்று விடியற்காலையில் அத்தை எங்கள் வீட்டுக்கு வந்தாள். அம்மா வீட்டுக்கு விலக்காகிக் கொல்லை அறையில் ஒதுங்கி உட்கார்ந்திருந்தாள். அத்தை என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் முன்னால நிக்கப்படாது. உங்கம்மாவும் இல்லைன்னு ஆச்சு. உறவுல வேற சுமங்கலி இந்தத் தெருவுல யார் இருக்கா? நீ வாடீ. வந்து ஆரத்தி எடு."

"நானா சுமங்கலி?"

"பின்னே? உன் ஆத்துக்காரன் கல்கத்தாவுல குத்துக்கல்லாட்டம் இருக்கானோல்லியோ?"

அவள் என்னைக் குத்திக்காட்டச் சொல்லவில்லை. நிஜமாகவே அப்படித்தான் நம்பினாள். டில்லிக் கமிட்டியும் அதைத்தான் சொல்லியிருந்தது, நான் இன்னும் அவன் பெண்டாட்டி என்று. போனேன். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, தலையில் பூ வைத்துக்கொண்டு போனேன். மாப்பிள்ளையும் பெண்ணும் வாசல் கோலத்தின் மேல் நின்றார்கள். குழந்தை புதுப் பாவாடையில் இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது. மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த தட்டை மூன்று சுற்றுச் சுற்றினேன். அத்தை பாடச் சொன்னாள், பாடினேன். பெண்ணுக்குப் பொட்டு வைத்தேன். பிறகு ஆரத்தியில் விரலை நனைத்து அத்தானின் நெற்றியில் வைத்தேன். நான் அவரைத் தொட்டது அன்றைக்கு மட்டும்தான்.